மும்பைக்கு மழை, குரோம்பேட்டைக்கு வெயில்

ஜூன் இரண்டாவது வாரம். குரோம்பேட்டை ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறுவதற்குள் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கைப்பேசி கிணுகிணுத்தது. "மழைக்காலம் வந்தாச்சு! நனைஞ்சாலும் கலையாத புதிய மேக்கப் வரிசை, இன்று முதல்." நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. கத்திரி கழிந்து இரண்டு வாரமாகியும் வெயில் 39, 40 என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் செய்தியில் பொய் எதுவும் இல்லை. அதை எழுதியவர் மும்பையில் உட்கார்ந்திருப்பார். அவர் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். நமக்குப் பெரிய மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அது அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு முன்னால் எட்டிப் பார்க்காது. அது வந்து வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, அழகுசாதனக் கடைகளில் குளிர்கால க்ரீம் அடுக்கியிருப்பார்கள். மார்ச்சில் இளஞ்சிவப்புப் பூப்போட்ட டப்பாவில் "வசந்தகால வெளியீடு" வரும். நாம் அப்போது ஏசி சர்வீஸ்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்போம்.

புதிதாக வரும் லிப்ஸ்டிக், சீரம், சென்ட் எதையும் வாங்கிப் போட்டுப் பார்ப்பது எட்டு வருஷமாக என் பலவீனம். சம்பளத்தில் அதற்கென்று ஒரு தொகை ஒதுக்கி வைத்திருக்கிறேன், என் கணவருக்குச் சீட்டு கட்டுகிற மாதிரி. முதல் நான்கு வருஷம் வாங்கியதில் பாதி குப்பைக்குத்தான் போனது. அதில் தரமற்ற சரக்கு கொஞ்சம்தான். பெரும்பாலானது டப்பாவில் போட்டிருந்த பருவத்தை நம்பி வாங்கி, என் ஊர் வெயிலில் தோற்றுப்போனது.

இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் உண்டு. கிழித்த தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவது அப்பாவின் வழக்கம். அந்தத் தாளைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். புதிதாக ஒன்றைப் போடும் நாளில் நான்கு நேரம் குறிப்பேன்: காலை ஏழு மணிக்குப் போடும்போது, ஒன்பதேகாலுக்கு நுங்கம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலை வீடு திரும்பியதும். "9.15 – மூக்கோரம் பிசுபிசு. 1.30 – நெற்றியில் சாம்பல். 6.30 – பரவாயில்லை, புறங்கழுத்தில் அரிப்பு." இவ்வளவுதான். தாளின் முன்பக்கத்தில் தேதி இருப்பதால் எந்தப் பருவத்தில் எது தாங்கியது என்பது தானாகவே பதிவாகிவிடுகிறது. கடையில் டெஸ்டரைக் கையில் தேய்த்து, இருபத்திரண்டு டிகிரி ஏசியில் நின்று எடுக்கும் முடிவைவிட இந்த நாலு வரி எனக்கு எத்தனையோ மடங்கு பணம் மிச்சம் பிடித்திருக்கிறது.

இந்த முறைக்கு வந்து சேர்ந்த கதை கொஞ்சம் எரிச்சலானது. நிஜமாகவே எரிந்தது.

ஒரு தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், பண்டிகைத் தள்ளுபடியில் மூன்று பொருள் ஒன்றாகப் போட்ட பெட்டி வாங்கினேன். வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் ஆசிட் டோனர், இரவுக்கு ஒரு ரெட்டினால் க்ரீம். மூன்றும் புது வெளியீடு. பத்து நாளில் முகம் பளபளக்க வேண்டும் என்ற அவசரம். முதல் இரவே டோனரைத் துடைத்து, அதன்மேல் க்ரீம். காலையில் எழுந்து சீரம். லேசாகச் சுள்ளென்றது. "வேலை செய்யுது" என்று நினைத்தேன். இதைவிட முட்டாள்தனமான நம்பிக்கை அழகு உலகத்தில் கிடையாது. நாலாம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து, தண்ணீர் பட்டாலே காந்தியது. ஐந்தாம் நாள் வாயோரத்தில் தோல் வெங்காயச் சருகாக உரிந்தது. எண்ணெய்க் குளியலன்று அம்மா சீயக்காயை என் தலையோடு நிறுத்திக்கொண்டாள். "முகத்துக்கு என்னடி பண்ணி வச்சிருக்க? பட்டாசு வெடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "மூணுல எது ஒத்துக்கல?" என்னிடம் பதில் இல்லை. மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பித்திருந்தேனே. சுத்தமான வைட்டமின் சி, அதாவது எல்-அஸ்கார்பிக் அமிலம், தோலுக்குள் போக அந்தத் திரவம் நல்ல புளிப்பாக, பிஹெச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். கிளைகாலிக்கும் அமிலம்தான், மேல்தோலின் இறந்த செல்களைக் கழற்றிவிடும். ரெட்டினால் தன் பங்குக்குத் தோலைச் சீக்கிரம் புதுப்பிக்கச் சொல்லி விரட்டும். ஒவ்வொன்றும் தனியாக, மெல்ல மெல்லப் பழக்கினால் நல்ல சரக்குதான். நான் மூன்று மாமியார்களை ஒரே நாளில் வீட்டுக்கு அழைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நுரைக்காத மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத சாதாரண மாய்ச்சரைசர், சன்ஸ்கிரீன். இவை மூன்று மட்டும். எரிச்சல் இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது. அது விட்டுப்போன பழுப்புத் திட்டு மறைய அடுத்த பங்குனி வரை ஆனது. நம் நிறத்துத் தோலில் இதுதான் சிக்கல். சிவப்பு சீக்கிரம் போய்விடும், கறை மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும்.

அதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள்தான். முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு, தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பார்த்துவிட்டே முகத்துக்குப் போகிறேன். ஒரு தடவை தடவி, அரை மணி நேரம் பார்த்துவிட்டு "பேட்ச் டெஸ்ட் பண்ணிட்டேன்" என்பது கணக்கில் சேராது. ஒவ்வாமை பல நேரம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். கல்யாணம், வளைகாப்பு, அலுவலக விழா என்று எது வந்தாலும் அதற்கு முந்தைய ஒரு மாதம் புது சீரம் எதையும் திறப்பதில்லை. தீபாவளிப் பெட்டி தீபாவளிக்கு அல்ல என்று இப்போது தெரியும், அது பொங்கலுக்கு.

சன்ஸ்கிரீனுக்கு வருகிறேன். ஒவ்வொரு கோடைக்கும் ஏழெட்டுப் புது ட்யூப் இறங்குகிறது. எஸ்.பி.எஃப்., அதாவது வெயில் தடுப்பு எண், பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்குவோம். எஸ்.பி.எஃப். 30 சரியான அளவில் பூசினால் புறஊதா பி கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. வித்தியாசம் ஒரு சதவீதம். ஆனால் பூசும் அளவில் நாம் பாதியைக் கூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு இழுத்தால் எவ்வளவோ அவ்வளவு, முகத்துக்கும் கழுத்துக்கும். முதல் தடவை அந்த அளவைப் பார்த்தபோது கோலமாவு கொட்டியது மாதிரி இருந்தது. அந்தக் கணக்கில் 50 கிராம் ட்யூப் எனக்கு ஆறு வாரத்தில் தீர்ந்துவிடும். உங்கள் ட்யூப் நாலு மாதம் வந்தால் எண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை.

எனவே புது சன்ஸ்கிரீனை நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்துக்கு: அந்த இரண்டு விரல் அளவைப் பூசிக்கொண்டு ரயிலேற முடிகிறதா? ஜிங்க் ஆக்சைடு அதிகமுள்ளவை பல, என் நிறத்தில் விபூதி பூசியது மாதிரி வெளுத்துத் தெரிகின்றன. சாயம் சேர்த்த ரகங்களை முதலில் நான் அலட்சியமாகப் பார்த்தேன், மேக்கப் வியாபாரம் என்று. அவற்றில் உள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு மறைக்கிறது. கருநிறத் தோலில் அந்த ஒளியும் கறையைக் கூட்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு மாறினேன். வெள்ளைப் பூச்சும் போயிற்று. பெட்டியில் பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். அது புறஊதா ஏ கதிருக்கான மதிப்பு. நான்கு கூட்டல் இருந்தால் எடுக்கிறேன். மதியம் மறுபடி பூச வேண்டும் என்பதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, வெளியே போகும் நாளில் மட்டும்தான் செய்கிறேன்.

குளிர்கால க்ரீம் பற்றி ஒரே ஒரு குறிப்பு. எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில்தான் இதில் நீதிபதி. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழி விடியலில் என்றைக்கு எண்ணெய் வாயோரம் வெள்ளையாகக் கட்டிக்கொள்கிறதோ, அன்றைக்கே அந்தக் கெட்டி க்ரீமைத் திறக்கிறேன். சில வருஷம் மூன்று வாரம் கட்டும், சில வருஷம் ஒரு வாரம்கூடத் தேறாது. நவம்பரிலேயே "குளிர்காலப் பராமரிப்பு" என்று வாங்கி, புழுக்கத்தில் அதைப் பூசி, நெற்றியெல்லாம் பொடிப்பொடியாகப் பரு போட்டுக்கொண்ட அனுபவம் ஒன்று போதும்.

ஃபவுண்டேஷன் வாங்கப் போனால் கடைப் பெண் நம் கையைப் பார்த்துவிட்டு இரண்டு ஷேட் வெளுப்பாக எடுத்து நீட்டுவார். "கொஞ்சம் பிரைட்டா இருக்கும் மேம்." நான் மாநிறத்துக்கு ஒரு படி கீழே. அந்தப் பிரைட் என் கழுத்துக்குத் தெரியாதே. அவரைக் குற்றம் சொல்லி என்ன? ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது; அது பெயரிலிருந்து ஃபேரை எடுக்க 2020 ஆகிவிட்டது. கவுண்டருக்கு அந்தப் பக்கமும் அதே விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்தான் நிற்கிறார்.

நான் செய்வது இது. மணிக்கட்டில் போட்டுப் பார்ப்பதில்லை. தாடையோரம், கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் மூன்று ஷேட் மூன்று கோடாகப் போடச் சொல்வேன். போட்டதும் வாங்காமல் வெளியே வந்துவிடுவேன். பாண்டி பஜாரில் 2019-ல் அகலமாக்கிய நடைபாதை இதற்கென்றே கட்டியது மாதிரி இருக்கிறது. இருபது நிமிஷம் நடந்து, ஒரு ஜூஸ் குடித்து, மர நிழலில் நின்று கைப்பேசி கேமராவில் பார்த்தால், மூன்றில் ஒன்று சாம்பலாகியிருக்கும், ஒன்று ஆரஞ்சாகியிருக்கும். முகத்து எண்ணெயும் காற்றும் பட்டதும் நிறம் ஒரு படி மாறும் ரகங்கள் நிறைய. எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறதோ அதுதான் நம் ஷேட். கன்னத்தில் மூன்று வரியோடு தி.நகரில் நடப்பது வெட்கமாக இருக்குமே என்பவர்களுக்கு: ரங்கநாதன் தெருவை நோக்கிப் போகிற கூட்டம் எவரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

லிப்ஸ்டிக் டெஸ்டரை உதட்டில் வைக்காதீர்கள். விரல் நுனித் தோல் உதட்டு நிறத்துக்குக் கிட்டத்தட்ட வரும். அங்கே தடவிப் பாருங்கள். மேட் லிப்ஸ்டிக்கின் உண்மையான பரீட்சை சாம்பார் சாதம்.

சென்ட் விஷயத்தில்தான் நான் அதிகம் செலவழித்தேன், அதிகம் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

ஒரு டிசம்பரில் பண்டிகை வெளியீடு என்று ஒன்று வந்தது. வனிலா, காரமெல், ஆம்பர். கடையின் ஏசியில் காகிதப் பட்டையில் அடித்துக் காட்டியபோது, ஊட்டியில் கம்பளி போர்த்திக்கொண்டு கேக் சாப்பிடுவது மாதிரி இருந்தது. 100 மி.லி. பாட்டிலே வாங்கிவிட்டேன். மறுநாள் நான்கு அடி அடித்துக்கொண்டு 8.20 தாம்பரம்–கடற்கரை வண்டியில் லேடீஸ் பெட்டியில் ஏறினேன். பல்லாவரம் தாண்டுவதற்குள் பெட்டி நிரம்பியது. பரங்கிமலையில் வியர்க்க ஆரம்பித்தது. கீழே உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த பூக்காரம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாரும்மா பாயசத்தைக் கொட்டுனது? தூக்குவாளிய நேரா வையுங்க" என்றார். நாலு பேர் பையைத் திறந்து பார்த்தார்கள். நான் கிண்டி வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

விஷயம் இதுதான். சென்டில் உள்ள எலுமிச்சை, ஆரஞ்சு வகை இலேசான வாசனைகள் முதலில் கிளம்பி அரைமணிக்குள் போய்விடும். பூ வாசனை நடுவில். வனிலா, சந்தனம், கஸ்தூரி வகைக் கனமான வாசனைகள் கடைசிவரை தங்கும். குளிர் நாட்டில் இந்தக் கனம் மெல்ல மெல்ல, ஆளைச் சுற்றி ஒரு முழத்துக்குள் எழும்பும். நம் உடம்புச் சூட்டிலும் புழுக்கத்திலும் மொத்தமாகக் குபுக்கென்று எழுந்து பக்கத்துச் சீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பாட்டிலை நான் தூக்கிப் போடவில்லை. கொடைக்கானல் போகும்போது எடுத்துப் போகிறேன். ஊரில் போட்டால் ஒரே ஒரு அடி, அதுவும் முழங்காலுக்குப் பின்னால், இரவு விருந்துக்கு.

வாசனையை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைத் திருவல்லிக்கேணியில் ஒரு அத்தர்க் கடை பாய்தான் சொல்லிக்கொடுத்தார். அக்டோபரில் ஒருநாள் மண்வாசனை அத்தர் கேட்டுப் போனேன். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செய்வது அது. சுட்ட களிமண் வில்லைகளைச் செம்பு அண்டாவில் தண்ணீரோடு கொதிக்கவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிக்கிறார்கள். முதல் மழையில் எழும் இந்த வாசனைக்கு ஆங்கிலத்தில் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்ததே 1964-ல்தான், இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள். கன்னோஜ்காரர்கள் அதற்கு வெகு முன்பிருந்தே அதைப் பாட்டிலில் அடைத்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். பாய் கண்ணாடிக் குச்சியால் என் புறங்கையில் ஒரு கோடு போட்டார். நான் பர்ஸைத் திறந்தேன். "இப்ப வேணாம்மா. பெரிய மசூதிப் பக்கம் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அப்பவும் புடிச்சிருந்தா தர்றேன்."

டீ குடித்து முடித்தபோது மண் போய்விட்டிருந்தது. சந்தனம் மட்டும் நின்றது, அதுவும் நன்றாகவே இருந்தது. திரும்பிப் போய் வாங்கினேன், 3 மி.லி. குப்பி. இன்னொன்றும் சொன்னார்: ஒரே நாளில் மூன்றுக்கு மேல் மோந்து பார்க்காதீர்கள், மூக்கு மழுங்கிவிடும், நடுவில் உங்கள் முழங்கை மடிப்பை மோந்துகொள்ளுங்கள், சொந்த வாசனைக்கு மூக்கு திரும்பிவிடும். மால் கடைகளில் காபிக்கொட்டைக் கிண்ணம் வைத்திருப்பதைவிட இது எனக்கு நன்றாக வேலை செய்கிறது. அத்தரை ரவிக்கையிலோ பட்டுப்புடவையிலோ தடவக் கூடாது, எண்ணெய்க் கறை போகாது. இதை அவர் சொல்லவில்லை, என் கத்திரிப்பூ நிறப் பட்டு சொன்னது.

மல்லிகை சென்ட் வெளியானால் மட்டும் எனக்குக் கை நிற்பதில்லை. வெளிநாட்டுப் பெரிய பெயர்களின் பாட்டிலில் "ஜாஸ்மின் சம்பாக்" என்று இருந்தால் அது நம் குண்டுமல்லி. "கிராண்டிஃப்ளோரம்" என்றால் பிச்சி. இரண்டும் தமிழ்நாட்டுத் தோட்டங்களிலிருந்து சாறெடுத்து உலகமெங்கும் போகின்றன. மல்லிகை சூடு தாங்காது என்பதால் கரைப்பானில் ஊறவைத்து மெழுகாகப் பிரித்து, அதிலிருந்து வாசனையை எடுப்பார்கள்; ஒரு டன் பூவுக்கு ஓரிரு கிலோ தேறும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியைத் தலையில் வைத்தே வளர்ந்த மூக்குக்கு, இந்த சென்டுகளில் நிறைய வெறும் சோப்பு வாசனையாகப் படுகிறது. இண்டோல் என்றொரு பொருள் மல்லியில் இயல்பாக உண்டு. இரவு முழுக்கத் தலையணையில் கிடந்த பூவின் அந்தக் கொஞ்சம் அழுகல் கலந்த மயக்கம் அதனால் வருவது. பல நிறுவனங்கள் "சுத்தமான" மல்லிகை என்று அதைக் கழித்துவிடுகின்றன. என் தாளில் அவற்றுக்கெல்லாம் ஒரே குறிப்பு: "தலை குளிச்ச வாசனை. பூ எங்கே?"

பணத்தைப் பற்றி. சென்ட் என்றால் முதலில் 2 மி.லி. சாம்பிள் அல்லது 10 மி.லி. மினி. மி.லி. கணக்கில் மினி விலை அதிகம்தான். ஆனால் 100 மி.லி. பாயசம் அலமாரியில் நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு மாறிவிடும். "லிமிடெட் எடிஷன்" என்று தங்க மூடியோடு வரும் க்ரீமின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, அதே நிறுவனத்தின் சாதாரண டப்பாவையும் படியுங்கள். சேர்மானங்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சாகியிருக்கும். முதல் ஏழெட்டுப் பெயர் ஒன்றாக இருந்தால் நீங்கள் மூடிக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். கிறிஸ்துமஸ் பெட்டிகள் ஜனவரி பாதியில் விலை இறங்கிவிடும்.

இந்த ஜூனில் வந்த மழைக்கால வரிசையில் ஒரு காஜல் வாங்கியிருக்கிறேன், ஆம், வாங்கிவிட்டேன். பக்கத்து சீட் தோழி, "இப்பத்தான் மழையே இல்லைன்னு அவ்வளவு பேசினீங்களேக்கா" என்று சிரித்தாள். சீல் பிரிக்கவில்லை. பெட்டியில் திறந்த டப்பா படமும் அதற்குள் "6 எம்" என்றும் போட்டிருக்கிறது; பிரித்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று அர்த்தம். பிரிக்காத வரையில் அந்த ஆறு மாதம் ஓட ஆரம்பிக்காது; காலாவதித் தேதியும் அடுத்த வருஷம்தான். அக்டோபரில் முதல் மழை பெய்து, நுங்கம்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் தண்ணீர் தேங்கி, குடையும் பையுமாக நான் அலுவலகம் போய்ச் சேரும் நாளில் பிரிப்பேன். அன்றைய தாள் காலியாக இருக்கிறது.